டே பாலம் ஏன் விழுந்தது? வார்ப்புத் தொழில் அறிந்தவர்கள் ஒரு ரயில் விபத்தைப் படிக்கும் முறை

1879-ஆம் ஆண்டு டிசம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை இரவு ஏழேகால் மணியளவில், ஸ்காட்லாந்தின் டண்டீ நகருக்குத் தெற்கே டே ஆற்றின் கழிமுகத்தைக் கடந்துகொண்டிருந்த ஒரு பயணிகள் ரயில், பாலத்தின் நடுப்பகுதியோடு சேர்ந்து ஆற்றுக்குள் விழுந்தது. ரயிலில் இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. அன்றிரவு கடும்புயல் வீசிக்கொண்டிருந்ததால், "புயலில் பாலம் விழுந்தது" என்று ஒரே வரியில் இதை முடித்துவிடுவது எளிது. அந்த ஒரு வரியைத் தாண்டிச் செல்வது எப்படி என்பதைக் கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்துப் பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் பவுண்டரி மேற்பார்வையாளர்களுக்கும் சொல்வதற்காக இக்கட்டுரை எழுதப்படுகிறது.

எங்கோ ஸ்காட்லாந்தில் நடந்த விபத்து நமக்கு எதற்கு என்ற கேள்வி எழலாம். அந்தப் பாலத்தின் கதை பெரும்பகுதி வார்ப்பிரும்பின் கதை. கணபதியிலும் பீளமேட்டிலும் அரசூரிலும் பம்பு உறைகளையும் மோட்டார் பாகங்களையும் வார்த்துப் பழகியவர்களுக்கு, விசாரணை அறிக்கையில் வரலாற்றாசிரியர்கள் தடுமாறும் பக்கங்கள் தெளிவாக விளங்கும். மேலும், பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றைப் பல்லடத்துக்காரர்களுக்கும் உடுமலைக்காரர்களுக்கும் யாரும் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இரும்பும் காற்றும் இரண்டுமே நமக்குப் பழக்கமானவை என்பதால், இந்த விபத்தை நம்மவர்கள் நன்றாகவே படிக்க முடியும்.

முதலில் பாலத்தை வரையுங்கள்

காரணங்களைப் பேசத் தொடங்குவதற்கு முன், சேர்ந்து படிக்கும் குழுவில் உள்ள அனைவரும் பாலத்தின் படத்தைத் தங்கள் கையால் வரைய வேண்டும். இதைத் தவிர்த்துவிட்டு நேரே விவாதத்துக்குப் போன குழுக்களில் பாதிப் பேர் கடைசிவரை வேறு ஏதோ ஒரு பாலத்தைக் கற்பனை செய்துகொண்டிருப்பார்கள். 1878 ஜூன் மாதம் பயணிகளுக்குத் திறக்கப்பட்ட அந்தப் பாலம் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீளமும் 85 கண்களும் (இரு கால்களுக்கு இடைப்பட்ட பகுதி ஒரு கண்) கொண்டது, ஒற்றைத் தண்டவாளம். பெரும்பாலான கண்களில் ரயில், கால்களின்மேல் அமர்ந்த இரும்பு உத்திரங்களான கர்டர்களின் தலைமேல் ஓடியது. கப்பல்கள் கடந்து செல்வதற்காக நடுவில் 13 கண்களை மட்டும் உயர்த்தி, உயர்நீர் மட்டத்துக்கு மேல் 88 அடி இடைவெளி விட்டிருந்தார்கள். அந்த இடத்தில் ரயில் கர்டர்களுக்கு உள்ளே, ஒரு கூண்டுக்குள் நுழைவதுபோல் ஓடியது. இந்த உயர் கர்டர்களில் 11 கண்கள் 245 அடி வீதமும் 2 கண்கள் 227 அடி வீதமும் நீளமுடையவை. விழுந்தவை இந்த 13 கண்களும்தான்; ஏறத்தாழ 960 மீட்டர்.

படத்தில் கால்களைச் சற்றுப் பெரிதாக வரைந்துகொள்ளுங்கள். உயர் கர்டர்களைத் தாங்கிய ஒவ்வொரு காலிலும் 6 வார்ப்பிரும்புத் தூண்கள் நின்றன. ஒவ்வொரு தூணும் பல துண்டுகளாக வார்த்து, ஃபிளாஞ்சுகளில் போல்ட் போட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டது. தூண்கள் பக்கவாட்டில் சாயாமல் இருக்கத் தேனிரும்புப் (wrought iron) பட்டைகளைக் குறுக்காகக் கட்டியிருந்தார்கள். அந்தப் பட்டைகள் தூணோடு சேர்ந்தே வார்க்கப்பட்ட காதுகளில், அதாவது துளையுள்ள புடைப்புகளில், போல்ட்டால் மாட்டப்பட்டிருந்தன. கர்டரின் எடையும் ரயிலின் எடையும் தூண் வழியே நேராகக் கீழே இறங்கிவிடும். பக்கவாட்டு விசை வரும்போது மட்டும் பட்டைக்கும் காதுக்கும் வேலை வரும். இந்த ஒரு வாக்கியம் குழுவுக்குப் பிடிபட்டுவிட்டால் மீதி தானாக அவிழும்.

கண்டதையும் கருதியதையும் பிரியுங்கள்

அடுத்ததாக, அந்த இரவின் நிகழ்வுகளை ஒரு தாளில் இரண்டு பத்திகளாக எழுதச் சொல்லுங்கள்: இடப்பக்கம் ஒருவர் கண்ணால் கண்டது, வலப்பக்கம் அதிலிருந்து ஊகித்தது. தென்கரையில் சிக்னல்காரர் ஒற்றைப் பாதைக்குரிய அனுமதிக் கோலை ரயிலில் கொடுத்தார். ரயில் பாலத்தில் ஏறியது. சிறிது தொலைவு சென்றபின் சக்கரங்களின் பக்கம் தீப்பொறிகள் பறப்பதைச் சிக்னல்காரருடன் இருந்தவர் கண்டார், பின்னர் பளீரென்ற ஒரு வெளிச்சம், அதன்பின் இருள். இவ்வளவுதான் இடப்பத்தி. டண்டீ நிலையத்திலிருந்து இரண்டு அலுவலர்கள் காற்றில் தவழ்ந்தபடி பாலத்தின்மேல் சென்று, பாலம் முடிந்துபோன இடத்தில், பாலத்தின் வழியே சென்ற தண்ணீர்க் குழாய் உடைந்து பீய்ச்சியடிப்பதைக் கண்டார்கள். அதையும் இடப்பத்தியில் சேர்க்கலாம்.

தீப்பொறி எதனால் வந்தது? காற்று பெட்டிகளை ஒருபுறம் தள்ளியதால் சக்கர விளிம்பு தண்டவாளத்தில் உராய்ந்தது என்பது ஓர் ஊகம். கடைசிப் பெட்டிகள் தடம்புரண்டு கர்டரில் உரசின என்பது இன்னோர் ஊகம். பாலத்தை வடிவமைத்த தாமஸ் பௌச் இரண்டாவதைத்தான் கடைசிவரை வாதாடினார். இரண்டும் வலப்பத்திக்கு உரியவை. முதல் நாளிலேயே இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க மாணவர்களை விடாதீர்கள்.

பவுண்டரிக்குச் செல்லுங்கள்

இப்போது நிதானமாகச் செய்ய வேண்டிய பகுதி வருகிறது. பழக்கமான ஒரு பவுண்டரியில் அனுமதி கேட்டு, கழித்துப் போட்ட கிரே அயர்ன் வார்ப்புகளில் காது உள்ளவையாக இரண்டு மூன்றை வாங்கிக்கொள்ளுங்கள். துளையை டிரில் போடாமல் வார்ப்பிலேயே விட்ட துண்டாகக் கிடைத்தால் நல்லது. பேட்டர்ன் வேலை தெரிந்தவர் எவருக்கும் அந்தத் துளை ஏன் நேராக இராது என்பது தெரியும்: மணலில் அச்சுப் பதிக்கும் மாதிரியான பேட்டர்ன் மணலைப் பெயர்க்காமல் கழன்று வருவதற்காக டேப்பர் (சரிவு) கொடுத்திருப்பார்கள், துளை ஒரு முனையில் அகன்றும் மறுமுனையில் ஒடுங்கியும் இருக்கும். டே பாலத்துக் காதுகளின் துளைகளும் அப்படித்தான் வார்க்கப்பட்டன. அவற்றைப் பின்னர் டிரில் போட்டு நேராக்கவில்லை.

ஒரு போல்ட்டின் தண்டில் மார்க்கிங் நீலத்தை மெலிதாகப் பூசி, அந்தத் துளைக்குள் செலுத்தி, பக்கவாட்டில் அழுத்தி, வெளியே எடுத்துப் பாருங்கள். நேரான துளையாக இருந்தால் துளையின் சுவர் நெடுக நீலம் ஒட்டியிருக்கும். டேப்பர் துளையில் ஒடுங்கிய முனையின் விளிம்பில், மெல்லிய ஒரு பிறை அளவுக்கு மட்டுமே ஒட்டியிருக்கும். பட்டை இழுக்கும் விசை முழுவதும் அந்தப் பிறையில்தான் இறங்குகிறது. அழுத்தத்தை நன்றாகத் தாங்கி, இழுப்பையும் வளைப்பையும் அந்த அளவுக்குத் தாங்காத வார்ப்பிரும்பை அப்படி ஒரு விளிம்பில் பிடித்து இழுத்தால் என்ன ஆகும் என்பதை விசாரணைக் குழு சோதித்துப் பார்த்தது. ஆற்றிலிருந்து எடுத்துவந்த பாகங்களை லண்டனில் டேவிட் கிர்க்கால்டியின் சோதனைக்கூடத்தில் இழுத்துப் பார்த்தபோது, 60 டன் அளவுக்குத் தாங்கும் என்று எதிர்பார்க்கப்பட்ட காதுகள் 20 டன் சுமாருக்கே முறிந்தன. தூண் தாங்கியது, பட்டை தாங்கியது, காது முறிந்தது என்பதே அந்தச் சோதனை சொன்ன செய்தி.

அடுத்து, கண்ணாடியும் கையுறையும் அணிந்த அனுபவமுள்ள ஒருவரைக் கொண்டு ஒரு காதை அடித்து உடைத்து, முறிந்த முகத்தைப் பார்வையிடுங்கள். ப்ளோ ஹோல் (வாயு விட்ட குழி), கசடு, கோர் (உட்குழிவுக்காக அச்சில் வைக்கும் மணல் உரு) நகர்ந்ததால் ஒருபுறம் தடித்து மறுபுறம் மெலிந்த சுவர் ஆகிய மூன்றையும் காட்டக்கூடிய துண்டுகள் கழிவுக் குவியலில் எப்போதும் கிடைக்கும். பாலத்துக்கான தூண்கள் ஆற்றின் தென்கரையிலேயே, வோர்மிட் என்னும் இடத்தில் அமைக்கப்பட்ட பவுண்டரியில் வார்க்கப்பட்டன. அங்கு இம்மூன்று குறைகளும் இருந்தன என்று அங்கே வேலை செய்தவர்களே சாட்சி சொன்னார்கள். குறையுள்ள வார்ப்பைக் கழிப்பதற்குப் பதிலாகத் தேன்மெழுகு, வயலின் வில்லுக்குத் தேய்க்கும் ரோசின், இரும்புத்தூள், விளக்குக்கரி ஆகியவற்றை உருக்கிக் கலந்த ஒரு பசையால் குழிகளை அடைத்துத் தேய்த்துவிட்டார்கள்; தேய்த்தபின் அது இரும்பைப் போலவே மின்னும். வார்ப்பில் சரியாக வராத காதுகளின்மேல் மீண்டும் உருகிய இரும்பை ஊற்றி ஒட்டவைத்ததும் உண்டு. பட்டி பூசி அனுப்பும் வழக்கம் இன்று எங்கும் இல்லை என்று யாரேனும் சொன்னால், அவரைக் குழுவில் வைத்துக்கொண்டு இந்தப் பகுதியை இன்னொரு முறை படிக்கலாம்.

முறிந்த காதுகளின் படங்களும் இருக்கின்றன. விசாரணைக்காக டண்டீயைச் சேர்ந்த வாலண்டைன் நிறுவனத்தார் கால்களின் எச்சங்களை ஒவ்வொன்றாகப் புகைப்படம் எடுத்தார்கள். அவை இன்றும் டண்டீ நூலகத்தில் உள்ளன. பீட்டர் லூயிஸ் என்ற பொறியியல் ஆய்வாளர் அவற்றைப் பெரிதாக்கி ஆராய்ந்து, பலநாள் அதிர்வினால் காதுகளில் சோர்வு விரிசல் வளர்ந்திருக்க வேண்டும் என்று வாதிட்டார். உங்கள் கையில் இருக்கும் முறிந்த துண்டையும் அந்தப் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், முறிவு போல்ட் துளையின் வழியே ஓடியிருப்பது தெரியும்.

காற்றைக் கணக்கில் கொண்டுவருதல்

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நம்மூர்ப் பழமொழி. படிப்பின் இந்தக் கட்டத்தில் அதை ஒதுக்கி வைத்துவிட்டு, அம்மியை நகர்த்த எவ்வளவு காற்று வேண்டும் என்று கேட்கப் பழக வேண்டும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது ஒரு பரப்பின்மேல் கொடுக்கும் அழுத்தம் நான்கு மடங்காகும். 8 மீட்டர் நீளமும் இரண்டரை மீட்டர் உயரமும் உள்ள ஒரு பெட்டியின் பக்கச்சுவர் 20 சதுர மீட்டர். சதுர அடிக்கு 10 பவுண்டு, அதாவது சதுர மீட்டருக்குச் சுமார் 49 கிலோ அழுத்தம் என்றால், அந்தச் சுவரின்மேல் ஏறத்தாழ 1 டன் விசை விழுகிறது. சதுர அடிக்கு 56 பவுண்டு என்றால் அதே சுவரின்மேல் ஐந்தரை டன் ஆகிவிடும். மாணவர்கள் இதைக் கரும்பலகையில் தாங்களே போட்டுப் பார்க்கட்டும். கர்டர்களின் பரப்பையும் சேர்த்துக்கொண்டால் எண்கள் மேலும் பெருகும்.

இந்த 10-ஐயும் 56-ஐயும் தற்செயலாக எடுக்கவில்லை. பௌச், ஃபோர்த் கழிமுகத்தில் தாம் கட்ட நினைத்த வேறொரு பாலத்துக்காக, அரச வானியலாளர் ஜார்ஜ் ஏரியிடம் காற்றழுத்தம் பற்றி ஆலோசனை கேட்டிருந்தார். அப்போது கிடைத்த எண் 10. டே பாலத்துக்கோ காற்றுக்கென்று தனியாக எதையும் ஒதுக்கவில்லை என்று விசாரணையில் அவரே ஒப்புக்கொண்டார். அதே காலத்தில் பிரான்சிலும் அமெரிக்காவிலும் 50-க்கு மேற்பட்ட அல்லது அதையொட்டிய எண்களைப் பொறியாளர்கள் கணக்கில் எடுத்துக்கொண்டிருந்தார்கள். விபத்துக்குப் பிறகு, 1881-இல், பிரிட்டனில் 56 பவுண்டு என்பது விதியாயிற்று. காற்றைக் கண்டு ரயிலை நிறுத்தும் ஏற்பாட்டுக்கு நம்மிடமே சான்று உண்டு: பாம்பன் பழைய பாலத்தில் அது பயன்பாட்டில் இருந்தவரை, காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை அனுமதித்ததில்லை.

திறப்பதற்கு முன் பாலத்தைச் சோதிக்கவில்லையா என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். சோதித்தார்கள். 1878 பிப்ரவரியில் அரசு ஆய்வாளர் ஹட்சின்சன் 6 எஞ்சின்களைக் கோத்துப் பாலத்தின்மேல் ஓட்டிப் பார்த்தார்; பாலம் தாங்கியது. அது மேலிருந்து கீழ்நோக்கிய சுமைக்கான சோதனை. பலத்த காற்றில் ஒரு ரயில் செல்லும்போது என்ன ஆகிறது என்பதை மறுமுறை வரும்போது பார்க்க விரும்புவதாக அவரே தமது அறிக்கையில் எழுதியிருந்தார். அந்த வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவே இல்லை. அறிக்கையின் அந்த ஒரு வரியை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். எது சோதிக்கப்படவில்லை என்பதைச் சோதித்தவரே எழுதிவைத்திருந்தார்.

சத்தம் கேட்டவரும் கடிகாரம் பார்த்தவரும்

பராமரிப்புப் பகுதியைச் சுருக்கமாகவே பார்க்கலாம். பாலத்தைக் கவனிக்கும் பொறுப்பில் இருந்த ஹென்றி நோபிள் செங்கல் வேலையில் தேர்ந்தவர். இரும்பு வேலை அவருக்குப் பழக்கமில்லை. ரயில் செல்லும்போது பட்டைகளின் இணைப்புகள் கடகடவென்று அடித்துக்கொள்வதைக் கேட்டு, தளர்ந்த இடங்களில் இரும்புத் துண்டுகளைச் செருகி இறுக்கினார். சத்தம் நின்றது. ஆனால் பட்டைகளை மீண்டும் இழுத்து விறைப்பாக்காமல், தளர்ந்திருந்த நிலையிலேயே அவை அடைக்கப்பட்டுவிட்டன. பௌச்சுக்கும் அவர் தெரிவிக்கவில்லை. நோபிளைத் திட்டுவதில் பயன் இல்லை. செங்கல் வேலைக்காரரை இரும்புப் பாலத்துக்குக் காவல் வைத்தது யார் என்று கேட்பதே பயனுள்ள கேள்வி என்பது என் கருத்து.

டண்டீயின் முன்னாள் நகரத் தலைவர் ஒருவர், மணிக்கு 25 மைல் என்ற வரம்பை ரயில்கள் மீறுவதைத் தமது கடிகாரத்தைக் கொண்டு கணக்கிட்டு நிலைய அதிகாரியிடம் முறையிட்டிருந்தார். பாலத்துக்கு வண்ணம் பூசிய தொழிலாளர்களும் அது அதிர்ந்ததைச் சொன்னார்கள். இப்படி விபத்துக்கு முன்பே கிடைத்த எச்சரிக்கைகளை வேறொரு தாளில் தேதி வாரியாக எழுதிப் பாருங்கள்.

பின்னோக்கி இன்னும் ஓர் அடி எடுத்து வைக்க வேண்டும். கால்கள் ஏன் இரும்புத் தூண்களாயின? முதலில் செங்கல் கட்டுமானக் கால்களே திட்டமிடப்பட்டிருந்தன. ஆற்றின் அடியில் பாறை இருப்பதாக ஆரம்பத் துளையீடுகள் காட்டின. வேலை தொடங்கிய பின்னரே அது இறுகிய சரளைப் படுகைதான் என்று தெரிந்தது. கனத்த கால்களைத் தாங்க முடியாத அந்தத் தரைக்காகக் கால்களின் எண்ணிக்கையைக் குறைத்து, கண்களை நீட்டி, இலகுவான இரும்புத் தூண்களுக்கு மாறினார்கள். துளையீட்டில் தொடங்கிய பிழை காதுவரை வந்து சேர்ந்த வழி இதுவே. நம் பகுதியில் போர்வெல் போடுபவர்கள், அரையடி உறைபாறையைக் கண்டு அடிப்பாறை என்று நம்பி ஏமாறும் ஆபத்தை நன்கு அறிவார்கள். அவர்களில் ஒருவரைக் குழுவுக்கு அழைத்துவந்தால் விளக்கம் எளிதாகும்.

காரணமும் பொறுப்பும்

விசாரணைக் குழுவில் மூவர் இருந்தனர்: ஹென்றி ரொதரி, கர்னல் யோலண்டு, பொறியாளர் பார்லோ. பாலம் மோசமாக வடிவமைக்கப்பட்டு, மோசமாகக் கட்டப்பட்டு, மோசமாகப் பராமரிக்கப்பட்டது என்றும், அதற்குப் பெரும்பாலும் பௌச்சே பொறுப்பு என்றும் ரொதரி எழுதினார். மற்ற இருவரும் காரணங்களில் ஏறக்குறைய அவரோடு உடன்பட்டாலும், பழி சுமத்துவது தங்கள் வேலை அன்று என்று தனியே நின்றார்கள். அறிக்கை வந்த சில மாதங்களில், 1880 அக்டோபரில், பௌச் இறந்தார். காரணம் என்ன, பொறுப்பு யாருடையது என்ற இந்த இரண்டு கேள்விகளையும் மாணவர்களிடம் வெவ்வேறு நாட்களில் விவாதிக்கச் சொல்லுங்கள்; ஒரே நாளில் வைத்தால் யார் குற்றவாளி என்ற பேச்சு மற்றதை விழுங்கிவிடும்.

தமிழ்நாட்டில் இதற்கு அனைவரும் அறிந்த சான்று அரியலூர். 1956 நவம்பர் 23 அதிகாலையில், மருதையாற்று வெள்ளத்தில் பாலத்தருகே பாதை அரிக்கப்பட்டிருந்த இடத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அந்தப் பதவி விலகலே நம் நினைவில் நிற்கிறது. ஆற்றுக்கு எவ்வளவு நீர்வழி விடப்பட்டிருந்தது, பாதையை இரவில் யார் சுற்றிப் பார்த்தார்கள் என்ற கேள்விகள் அதற்குப் பின்னால் மறைந்துவிட்டன. டே பாலத்தை முடித்த குழு அடுத்து அரியலூரை எடுத்துக்கொள்ளலாம்; அங்கே காற்றின் இடத்தில் நீரையும், காதின் இடத்தில் கரையையும் வைத்துப் படிக்க வேண்டியிருக்கும்.

இறந்தோர் எண்ணிக்கையைக் கையாளும்போதும் கவனம் தேவை. டே பாலத்தில் இறந்தவர்கள் 75 என்று நீண்ட காலம் எழுதப்பட்டது. பாலத்துக்கு முந்தைய செயின்ட் ஃபோர்ட் நிலையத்தில் சேகரித்த டிக்கெட்டுகளை எண்ணி, சீசன் டிக்கெட்காரர்களையும் ஊழியர்களையும் உத்தேசமாகக் கூட்டி வந்த எண் அது. பெயர் தெரிந்தவர்கள் 59 பேர்; 2013-இல் எழுப்பப்பட்ட நினைவுக் கற்களில் அந்த 59 பெயர்களே பொறிக்கப்பட்டுள்ளன. ஓர் எண்ணை எழுதும்போது, அது எப்படி எண்ணப்பட்டது என்பதையும் பக்கத்தில் எழுதும் வழக்கத்தைக் குழுவில் கொண்டுவாருங்கள்.

கடைசியாக, ஒரு பாலத்தை நேரில் பார்க்க விரும்பினால், ஈரோட்டுக்குக் கிழக்கே காவிரியின்மேல் செல்லும் ரயில் பாலம் ஏற்றது. சாலைப் பாலத்திலோ கரையிலோ நின்று, காலின் வடிவம், கர்டர் காலின்மேல் அமரும் இடம், பக்கவாட்டு விசை எந்த வழியே கீழே இறங்குகிறது ஆகியவற்றைப் படமாக வரையலாம்; முன்பு வரைந்த டே பாலத்தின் படத்தைக் கையோடு கொண்டுசெல்லுங்கள். எக்காரணம் கொண்டும் தண்டவாளத்தில் கால் வைக்கக் கூடாது. ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவின்படி அது தண்டனைக்குரிய குற்றம். அருகில் சென்று பார்க்க வேண்டுமானால், கல்லூரியின் கடிதத்தோடு ரயில்வே கோட்ட அலுவலகத்தை முன்கூட்டியே அணுகுங்கள். ஆனி, ஆடி மாதங்களில் சென்றால் காற்றையும் சேர்த்தே பார்க்கலாம். வரைபடத் தாளுக்குக் கிளிப் போட்ட அட்டை ஒன்று கட்டாயம் வேண்டும்.